நாற்பத்தேழாம் நம்பர்க்காரி

தவிட்டு மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கத்து அறையிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டு விடுபட்ட சத்தம். அடுத்து, பால் கேனின் வளையம் கேரியர் கம்பியில் உரசியது. அதற்கும் அடுத்து, சக்கரம் உருளத் தொடங்கியது.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த வள்ளியாத்தாள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன? முப்பத்தெட்டு வருடம் அவளே எழுப்பிய சத்தங்கள் அவை. இப்போது இன்னொருத்தி கையில் அவை எழும்போது, ஒவ்வொன்றும் நெஞ்சில் ஒரு சிராய்ப்பு.

“ஏனுங்கக்கா, தூங்கறீங்களா? நான் சொசைட்டிக்குப் போயிட்டு வந்தர்றனுங்க” என்றாள் ராமாயி, வாசற்படியில் நின்று.

“போ. நான் வேண்டாம்னா நின்னுக்குவியாக்கும்?”

ராமாயி சிரித்துவிட்டுப் போனாள். அக்கா வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று அவளுக்கு நினைப்பு. அந்தச் சிரிப்பும் வள்ளியாத்தாளுக்குப் பிடிக்கவில்லை.

ராமாயி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. வெண்ணந்தூருக்கு மேற்கே, தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஒரே சாளை வீட்டைச் சுவர் வைத்து இரண்டாக்கி, வடபுறம் வள்ளியாத்தாளும் அவள் கணவர் அர்த்தநாரியும், தென்புறம் ராமாயியும் குடியிருந்தார்கள். கொழுந்தன் காலமாகி ஏழு வருடம் ஆகிறது. ராமாயியின் ஒரே மகன் போர்வெல் லாரியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். ஆக அந்தத் தோட்டத்தில் இரண்டு பெண்களுக்கும் ஒருவரையொருவர் விட்டால் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அப்படிப்பட்ட உறவுக்குள்தான் ஒரு சைக்கிள் புகுந்துகொண்டது.

வள்ளியாத்தாள் சைக்கிள் பழகியது கல்யாணமான மூன்றாம் வருடம். வீட்டில் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், கணவரின் பார் வைத்த சைக்கிளைக் களத்து மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். சேலையை வாரிச் சொருகிக்கொண்டு விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். விஷயம் தெரிந்ததும் மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் பால் சொசைட்டி ஆரம்பித்தபோது, பால் கேனைக் கட்டிக்கொண்டு தானே மிதித்துப் போய், தன் பெயரிலேயே உறுப்பினராகச் சேர்ந்தாள். முதல் ஐம்பது பேரில் பெண்கள் மூவர். மற்ற இருவரும் சீக்கிரமே வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இவள் மாற்றவில்லை. நம்பர் நாற்பத்தேழு. சொசைட்டி வரிசையில் “நாற்பத்தேழு வந்துருச்சு, வழி விடுங்க” என்று யாராவது சொன்னால் போதும், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

எல்லாம் போன ஆடி மாதத்தோடு நின்றுபோனது. கட்டுத்தரையில் மாட்டு மூத்திரத்தில் வழுக்கி விழுந்தாள். இடது தொடையெலும்பு இடுப்புக்குச் சற்றுக் கீழே இரண்டாகிவிட்டது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி போட்டு அனுப்பினார்கள். ஆறு மாதம் சைக்கிள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அறுபத்திரண்டு வயதில் குழந்தைபோல் அழுதாள்.

பாலை யார் கொண்டுபோவது? அர்த்தநாரிக்குக் கண்ணில் புரை, விடியாத இருட்டில் ரோட்டில் போக முடியாது. ராமாயிதான் முன்வந்தாள். ஐம்பத்தேழு வயதுவரை சைக்கிளைத் தொட்டே பார்க்காதவள், ஒன்பதே நாளில் பழகினாள். முதல் நாள் கிளுவை முள் வேலிக்குள் விழுந்தாளாம். அந்தக் கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள் வள்ளியாத்தாள். பத்தாம் நாள் ராமாயி கேனோடு சொசைட்டிக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று கணவர் வந்து சொன்னார். சிரிப்பு அத்தோடு நின்றது.

வீடு திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது சைக்கிள் சீட்டு. ராமாயி குள்ளம். சீட்டை மூன்று விரற்கடை இறக்கி வைத்திருந்தாள். தன் தலையையே யாரோ பிடித்து அழுத்திவிட்டதுபோல் இருந்தது வள்ளியாத்தாளுக்கு.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. வள்ளியாத்தாள் கை படாவிட்டால் மடி சுரக்காத செவலை மாடு, ராமாயி உட்கார்ந்தாலே பாலை இறக்கியது. அதோடு விடாமல் அவள் முதுகை நக்கிக் கொடுத்தது. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அர்த்தநாரி வாயைக் கொடுத்தார்.

“ராமாயி ஓட்டறதுல ஆட்டமே இல்லே வள்ளி. உன்னையாட்டம் எச்சாப் பேசிக்கிட்டு ஓட்டறதில்லே. அதுனாலயோ என்னமோ.”

“அப்படீங்களா? அவளே வந்து இன்னொரு கரண்டி ரசம் ஊத்துவா, இருங்க” என்று எழுந்து போய்விட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போவதற்கு ஐந்து நிமிடம் ஆனதால், கோபத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை.

வாரம் இரண்டு முறை ராசிபுரத்திலிருந்து கிருத்திகா என்ற பெண் ஸ்கூட்டியில் வந்து காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். நான்காம் மாதத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே மிதிக்க வைத்தாள். ராமாயி இல்லாத நேரம் பார்த்து, நூறு என்று சொன்னால் இருநூறு மிதித்தாள் வள்ளியாத்தாள். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மிதிக்கும் மனதுக்குள் ஒரே பெயர்தான்.

தை பிறந்தது. சேலத்து டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு கூடிவிட்டது என்றார். கிருத்திகாவும் “இனி ஓட்டலாமுங்க ஆத்தா. குழியில மட்டும் விட்றாதீங்க” என்று உத்தரவு கொடுத்தாள். அன்று மதியமே வள்ளியாத்தாள் சைக்கிள் கைப்பிடியில் கை வைத்தாள். பின்னாலேயே வந்து நின்றாள் ராமாயி.

“எதுக்குங்கக்கா இந்த வயசுல? மறுபடி விழுந்தா இன்னொரு தகடு வைக்க எலும்பு இருக்காதுங்க. நான் ஒருத்தி இருக்கறனல்லோ. நீங்க மகராசியாட்டம் உட்கார்ந்திருங்க.”

“நல்ல வார்த்தை சொல்றா, கேளு” என்றார் அர்த்தநாரி.

வள்ளியாத்தாள் கையை எடுத்துக்கொண்டாள். மகராசி. தான் மூலையில் குந்தியிருந்தால்தான் அவளுக்கு வண்டி நிலைக்கும். அதற்கு வைத்த பெயர் மகராசி.

இன்னொரு வேதனையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. செவலை சினை. இரண்டு மாதம் முன்பே பால் வற்றிவிட்டது. ஒரு மாதம் தொடர்ந்து பால் ஊற்றாவிட்டால் அந்த சொசைட்டியில் நம்பரை எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. நாற்பத்தேழு இப்போது யாரிடம் இருக்கிறதோ. ராமாயியோ தன் வீட்டுக் கறுப்பு மாட்டுப் பாலைக் காலையும் மாலையும் ஜம்மென்று கொண்டுபோகிறாள். வண்டி என்னுடையது, கேன் என்னுடையது, வரிசையில் நின்ற இடம் என்னுடையது. பாலும் நம்பரும் மட்டும் அவளுடையவை. இதை நினைத்து நினைத்து, நினைப்பதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தாள்.

அந்த வேலை ஒரு புதன்கிழமை மாலையில் கையில் இறங்கியது.

ராமாயி பாலைக் கறந்து கேனை நிரப்பித் தவிட்டு அறையில் வைத்துவிட்டு, சேலை மாற்றப் போயிருந்தாள். அறையில் யாரும் இல்லை. கேனின் மூடி சும்மா வைத்தபடி இருந்தது. வள்ளியாத்தாள் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்ததில்லை. கேன் கழுவினால்கூடக் கவிழ்த்து வைத்துக் காய்ந்த பிறகுதான் பால் ஊற்றுவாள். ‘ஒரே ஒரு நாள் அவளை எல்லோரும் பார்க்கட்டும். அழகாக ஓட்டுகிறாளாமே, தலையைத் தொங்கப்போட்டு ஓட்டி வரட்டும்.’ சொம்பைக் கவிழ்த்தாள். பால் சத்தமில்லாமல் அந்தத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. இன்னொரு சொம்பும் ஊற்றினாள்.

அன்று ராமாயி திரும்பி வந்தபோது ஒன்றும் பேசவில்லை. நேராகத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள். வள்ளியாத்தாள் காய் நறுக்கிக்கொண்டே அந்த மௌனத்தை ருசித்தாள். தவிடு வாங்க சொசைட்டிக்குப் போயிருந்த அர்த்தநாரி சற்று நேரத்தில் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

“உன்ற பேரைப் போர்டுல எழுதிப் போட்டுட்டாங்க வள்ளி.”

கத்தி நின்றது. “என்ற பேரா?”

“நாப்பத்தேழு, வள்ளியாத்தாள், தண்ணி. சாக்பீஸ்ல கொட்டை எழுத்துல. பால் சோதிக்கற கருவியில இருபத்தெட்டு காட்டற டிகிரி இன்னிக்கி இருபத்தொண்ணுதான் காட்டுச்சாம். பாலைத் திருப்பி உட்டுட்டாங்க. இன்னும் ரெண்டு தடவை இப்படி ஆனா நம்பரை எடுத்துருவாங்களாம்.”

“என்ற நம்பர்தான் போயிருச்சே. ரெண்டு மாசமா ஏது பால்?”

“ராமாயி ஊத்தறாளே. காலைப் பாலு அவ நம்பருக்கு, சாயங்காலப் பாலு உன்ற நம்பருக்கு. மாடு வத்துன நாள்லருந்து அப்படித்தான். உனக்குத் தெரியும்னில்ல நெனச்சேன்?”

வள்ளியாத்தாள் கத்தியைக் கீழே வைத்தாள். எந்தப் பெயருக்காக மாமியாரின் ஒரு மாதத்து மௌனத்தைச் சுமந்தாளோ, அந்தப் பெயரைத் தன் கையாலேயே தண்ணீரில் கரைத்து ஊருக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறாள்.

அர்த்தநாரி சொல்லிக்கொண்டே போனார். “ராமாயி பாவம். எல்லாரு முன்னாலயும், ‘அக்கா மேல ஒண்ணுமில்லீங்க, நாந்தான் கேன் கழுவுன தண்ணிய வடிக்காம உட்டுட்டேன்’னு தானே ஏத்துக்கிட்டா. தப்பை ஒத்துக்கற மனசு எத்தனை பேருக்கு வரும்னு ஜெகதீஸ்வரனே சொன்னான்.”

ஜெகதீஸ்வரன் சொசைட்டிச் செயலாளர். லேசில் யாரையும் பாராட்டாதவர். இத்தனை வருடத்தில் வள்ளியாத்தாளைப் பார்த்து, ‘சரியான நேரத்துக்கு வந்துட்டீங்க’ என்பதைத் தாண்டி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் உருகியிருப்பாள். ஓடிப்போய் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். வள்ளியாத்தாளுக்கும் அழுகை வந்தது; ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்து குறுக்கே நின்றது. வண்டியை எடுத்தாள், மாட்டை எடுத்தாள், இப்போது செய்யாத தப்பையும் எடுத்துத் தன் தலையில் சூடிக்கொண்டு, அதற்கும் பாராட்டு வாங்கிவிட்டாள். தண்ணீர் ஊற்றியது நான். அதைக்கூட அவளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமா? ஒரு பழியாவது எனக்கென்று மிஞ்ச வேண்டாமா?

மறுநாள் சாயங்காலம் நான்கு மணி. ராமாயி கறுப்பு மாட்டின் அடியில் உட்கார்ந்திருந்தாள். அர்த்தநாரி குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வள்ளியாத்தாள் சைக்கிளைச் சத்தமில்லாமல் வெளியே உருட்டினாள். வழக்கம்போல் இடது காலைப் பெடலில் வைத்து உந்தி ஏற முடியாது. அந்தக் கால்தான் தகடு வைத்த கால். அதனால் பம்புசெட் தொட்டி ஓரமாக வண்டியைச் சாய்த்து, தொட்டி விளிம்பில் கையூன்றி, முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. சீட்டு பழைய உயரத்தில் இருந்திருந்தால் பதிந்திருக்காது. அதற்கும் ராமாயிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டு மிதித்தாள்.

முதல் சுற்றிலேயே தொடைக்குள் ஏதோ இழுத்தது. வண்டி இடப்புறம் வளைந்து, வரப்பைத் தொட்டு, எப்படியோ நேரானது. வண்டித்தடத்தின் மண்ணில் சக்கரம் நெளிந்தது. மாலைக் காற்று முகத்தில் அடித்தது. ஆறு மாதமாக அந்தக் காற்று வேறொருத்தியின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வேகமாக மிதித்தாள். தார்ரோட்டில் ஏறியதும் கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று பின்னால் ஆரன் அடித்தது. உயிர் போய் உயிர் வந்தது. தறிக்குடோன் அருகே வேகத்தடையில் இறங்கித் தள்ளினாள். ஒரு மைல்கல்லின்மேல் வெகுநேரம் உட்கார்ந்து காலை ஆற்றிக்கொண்டு, அதிலேயே காலூன்றி மறுபடி ஏறினாள். ஒன்றரை கிலோமீட்டர்தான். வேர்வையும் கண்ணீரும் கலந்து வழிய, சொசைட்டி வாசலில் காலூன்றி நின்றபோது, அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

வரிசையில் நின்ற கந்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். “ஏனுங்க வள்ளியக்கா, கேனைக் காணோம், ஆள் மட்டும் பறந்து வந்திருக்கீங்க? போர்டுல பேரு வந்தா காலு தானா வந்துரும் போல.”

வள்ளியாத்தாள் அவளைக் கடந்து, டிகிரி பார்க்கும் மேசைமுன் போய் நின்றாள். கரும்பலகையில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

“ஜெகதீஸ்வரா, நேத்துப் பால்ல தண்ணி ஊத்துனது ராமாயி இல்லே. நான். ரெண்டு சொம்பு ஊத்துனேன்.”

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அவங்க நான்ங்கறாங்க, நீங்க நான்ங்கறீங்க. ஓரகத்திக ரெண்டு பேரும் பழியையும் பங்கு போட்டுக்கறீங்களாக்கும்? போங்க ஆத்தா, போயி உட்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க.”

“நெசமாத்தான் சொல்றேன்.”

“இப்படி ஒரு ஓரகத்தி எனக்கு வாய்க்கலியே சாமி” என்றாள் கந்தம்மாள். வரிசையே சிரித்தது. யாரும் நம்பவில்லை. வள்ளியாத்தாளின் முப்பத்தெட்டு வருடத்துச் சுத்தம் அவள் வாக்குமூலத்தைப் பொய்யாக்கிவிட்டது.

சிரிக்காதவள் ஒருத்திதான். வண்டியைக் காணாமல், கேனை இடுப்பில் வைத்து வரப்பு வழியாகக் குறுக்கே நடந்தே வந்து, வாசல் தூணருகில் வேர்த்து நின்றிருந்த ராமாயி. கேனைக் கவிழ்த்துக் காயவைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ‘ரெண்டு சொம்பு’ என்ற சொல் அவள் முகத்தில் போய் விழுந்ததை வள்ளியாத்தாள் பார்த்தாள்.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் முன்வாசலில் குரல் கேட்டது. “ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா?”

ராமாயிதான். இருபத்தைந்து வருடமாகப் பின்கட்டு வழியாகக் கேட்காமல் வந்து, அடுப்பில் என்ன வெந்தாலும் மூடியைத் திறந்து பார்க்கிறவள், முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விருந்தாளிபோல் நின்றாள். அர்த்தநாரி இன்னும் காட்டிலிருந்து வரவில்லை.

“உள்ள வா ராமாயி.”

வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மடியிலிருந்து சொசைட்டி அட்டையை எடுத்து நீட்டினாள். நாற்பத்தேழு.

“இது உங்குளுதுங்க. நானே வச்சிருந்துட்டேன். இன்னிக்கும் இதுலதான் ஊத்திருக்கறேன். இனி ஒரு மாசம் நிக்கும். செவலை அதுக்குள்ள கன்னு போட்டுரும்.”

“என்கிட்ட ஏன்டி சொல்லலே?”

“சொன்னா, பெருமைக்குச் சொல்றேன்னு நெனப்பீங்கன்னு சொல்லலீங்க.” அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். “நேத்து ராத்திரி பூரா என்ற கையையே நான் நம்பலீங்கக்கா. கேனை எட்டு வாட்டி கழுவுனேன். பித்துப் பிடிச்சிருச்சோன்னு பயந்துக்கிட்டேன். வண்டி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்களே.”

“என்ற வண்டிய நான் உன்கிட்டக் கேட்டு வாங்கோணுமா?”

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மன்னிப்புத்தான் கேட்க நினைத்திருந்தாள். வந்தது இதுதான்.

ராமாயி நிமிர்ந்து பார்த்தாள். முதல் முறையாக அவளுக்கு எல்லாம் விளங்கியது போலிருந்தது. “எம்மேல பொறாமைங்களாக்கா? என்னைப் பார்த்தா?” அவள் குரல் உடைந்தது. “புருசன் இல்லே. பையன் போன்லதான் பேசறான். உங்க வண்டியில போறப்ப ரெண்டு பேரு, ‘ராமாயி, சௌக்கியமா’ன்னு கேட்டாங்க. அது ஒண்ணுதான் எனக்குப் புதுசு. அதையா பார்த்தீங்க?”

வள்ளியாத்தாள் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதையேதான் பார்த்தேன் என்று. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

“ராமாயி, காப்பி வைக்கிறேன். குடிச்சிட்டுப் போ.”

“வேண்டாமுங்க. கறுப்புக்குத் தீனி வெக்கோணும்.” எழுந்தாள். “நாளைலருந்து நான் நடந்தே போயிக்கறேன். வண்டிய நீங்களே எடுங்க. ரோட்டு முக்குல சல்லிக்கல்லு கொட்டியிருக்கறாங்க, அங்க இறங்கித் தள்ளிக்குங்க. வாரனுங்க.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இரண்டு வாசலுக்கும் நடுவே இருபது எட்டுத்தான். கைப்பிடி இல்லாமல், கம்பு இல்லாமல், ஒரு தடவைகூடக் குனியாமல் அவள் நடந்துபோவதை வள்ளியாத்தாள் வாசலில் நின்று பார்த்தாள். தொடை விண்விண்ணென்று தெறித்தது. இத்தனைக்கும் பிறகு, அழுதுகொண்டிருக்கும் அந்த நேரத்திலும், அந்த நேரான நடையைப் பார்த்து அவளுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்று குத்தியது.

கூப்பிட்டால் திரும்புவாள் என்று தெரியும். கூப்பிடவில்லை. ராமாயி தன் வீட்டுக்குள் போய் மறைந்ததும், வள்ளியாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.